ஏழாம் கேள்வி

ஃபைலை மடியிலயே வச்சுக்கங்கண்ணே. மேல வச்சா அடுத்த வளைவுல எவன் தலையிலயாவது விழும். உள்ள இருக்கிறதெல்லாம் ஒரிஜினலா? அப்ப மடிதான் சரி. இன்னிக்கு இந்த பஸ் முக்கால் மணி நேரம் லேட்டு. உங்க ஸ்டாப்புலயும் நின்னு நின்னு காலு வலிச்சிருக்கும். நான் உங்களுக்கு ரெண்டு ஸ்டாப் முந்தி, கோயில் ஸ்டாப்புல ஏறினேன். கடியாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன், அதனால சரியாச் சொல்றேன். முக்கால் மணி நேரம்.

கவர் மேல முத்திரையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, எங்க பல்கலைக்கழகத்துக்குத்தான் போறீங்கன்னு. பொண்ணைச் சேர்க்கவா? பொண்ணு அத்தை வீட்டுல இருக்கா, சரி. காப்பித் தோட்டம் வச்சிருக்கிற ஆளு பொண்ணைப் படிக்க வைக்கிறீங்க, சந்தோசம். நான் அங்கதான் வேலை பார்க்கிறேன். பேரு பெர்க்மான்ஸ். இருபத்தாறு வருசம் ஆச்சு. இன்னும் ரெண்டு வருசம்தான், அப்புறம் ரிட்டயர்டு.

தைரியமாச் சேருங்க. நல்ல இடம். சேசு சபைச் சாமியார்கள் நடத்துறது, படிப்புன்னா அவங்கதான். சாமியார் வீட்டுல மட்டும் முப்பத்தெட்டு பேரு இருக்காங்க, ஒரே சாப்பாட்டு அறை, ஒரே கோயில். அந்த வீட்டுக்குப் பின்னாடி எங்க குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரி செசிலி உள்ளயே இருக்கிற ஸ்கூல்ல டீச்சர். எங்க கல்யாணம் அந்தக் கோயில்ல நடந்துச்சு. பிள்ளைக்கு அங்கதான் ஞானஸ்நானம். நான் செத்தாலும் பின்னாடி கல்லறைத் தோட்டத்துல எனக்கு இடம் இருக்கு. வெளிய எங்கயும் போகவே வேண்டியதில்லை பாருங்க. எல்லாம் காம்பவுண்டுக்குள்ளயே.

என் வேலை என்னன்னா, நியூஸ். லைப்ரரிக்குப் பின்னாடி செய்தித் தொடர்பு அலுவலகம்னு பெரிசா போர்டு இருக்கும். உள்ள போனா ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ‘வளாக மடல்’னு நாலு பக்கம் போடுவோம். யாரு கருத்தரங்கு நடத்தினது, யாரு டாக்டர் பட்டம் வாங்கினது, எந்த டிபார்ட்மெண்ட் மரம் நட்டுச்சு. நாலாம் பக்கம் குடும்பச் செய்தி. கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு. எல்லாரும் முதல்ல திருப்புறது நாலாம் பக்கத்தைத்தான். துணைவேந்தரே அப்படித்தான் திருப்புவாரு, நான் பார்த்திருக்கேன்.

நான் எழுதுறதைப் படிச்சுப் பார்த்துத் திருத்தி அச்சுக்கு அனுப்புறவரு ஃபாதர் ஞானாதிக்கம். செயலர். இப்ப அங்க இல்ல, போன வருசம் மாத்திட்டாங்க. எங்க மாத்தினாங்கன்னு கேளுங்க. நான் ஏறின ஸ்டாப்புல இருக்கே, அந்தக் கோயிலுக்கு. உயரமா, ஒல்லியா, குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடந்தே போவாரு. பார்த்திருக்கீங்களா? அவருதான். அவரைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்.

தங்கமான மனுசன். அதை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் நான் ஏதோ அவருக்கு ஆகாதவன்னு நினைச்சுடாதீங்க. ஆனா சட்டம்னா சட்டம். பச்சைப் பேனா ஒண்ணு வச்சிருப்பாரு. குடும்பச் செய்தின்னா ரெண்டு வரி, அதுக்கு மேல பச்சைக் கோடு. புரொபசர் வீட்டுக் கல்யாணமும் ரெண்டு வரி, தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணமும் ரெண்டு வரி. சாமியார் செத்தாலும் ரெண்டு வரி. அவரு கூடப்பிறந்த அண்ணன் செத்தப்பவும் ரெண்டு வரிதான் போடச் சொன்னாரு, அது வேற விசயம்.

என் மக ஜெனோவா வேதியியல்ல தங்கப் பதக்கம் வாங்கினா. அங்கயே படிச்சு அங்கயே வாங்கினா. எங்க வம்சத்துல முதல் டிகிரி நான், முதல் தங்கம் அவ. அரைப் பக்கம் எழுதினேன். போட்டோ, சின்ன வயசுல அவ லேப் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக்கிட்டே நிப்பாளே அந்தக் கதை, எல்லாம் வச்சு எழுதினேன். ஃபாதர் குறுக்க ஒரு பச்சைக் கோடு போட்டாரு. ஓரத்துல ‘இரண்டு வரி’ன்னு எழுதினாரு. சரி, சட்டம். அந்த அரைப் பக்கத்துல என்ன வந்துச்சு தெரியுமா? கூடைப்பந்து மைதானத்துக்குப் புது விளக்கு போட்டாங்க. அது வந்துச்சு. விளக்கு எரியுற போட்டோ. பகல்ல எடுத்த போட்டோண்ணே.

அதை நான் அன்னிக்கே மறந்துட்டேன். நமக்கு எதையும் மனசுல வச்சுக்கிற பழக்கம் கிடையாது. அந்த மடல் மேசை டிராயர்ல கிடக்கு, எப்பவாவது கண்ணுல படும், அவ்வளவுதான்.

இப்பச் சொல்லப் போறது வெளிய சொல்லக் கூடாத விசயம். எழுதிக் கொடுத்திருக்கேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு. நீங்க எங்க ஆளு இல்ல, கீழ போனா நீங்க யாரோ நான் யாரோ. உங்ககிட்டச் சொன்னா சொன்னதாகாது.

அவங்க சபையில ஒரு வழக்கம். எங்க சாமியார் வீட்டுக்குத் தலைவரு ரெக்டர். ஆறு வருசத்துக்கு ஒருக்க மாறுவாரு. புது ரெக்டரா யாரைப் போடலாம்னு அவங்களுக்கெல்லாம் மேல இருக்கிற ப்ரொவின்ஷியல் முடிவு பண்றதுக்கு முந்தி, அந்த ஆளைத் தெரிஞ்ச பத்துப் பேருக்கு ரகசியமா ஒரு படிவம் அனுப்புவாரு. சாமியார்களுக்குத்தான் அனுப்புவாங்க, சில நேரம் எங்களை மாதிரி வெளி ஆளு ஒண்ணு ரெண்டு பேருக்கும் வரும். யாரு யாருக்கு வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பதில் எழுதணும், நகல் எடுக்கக் கூடாது, யார்கிட்டயும் கலந்து பேசக் கூடாது, எழுதினேன்னு கடைசி வரைக்கும் சொல்லக் கூடாது. யாரைப் பத்தி எழுதுறோமோ அவருக்கு, எழுதினது நாமன்னு ஜென்மத்துக்கும் தெரியாது.

போன வருசம் தவக்காலத்துல எனக்கு ஒண்ணு வந்துச்சு. கவருக்குள்ள இன்னொரு கவர். ஃபாதர் ஞானாதிக்கத்தைப் பத்தி. பன்னிரண்டு கேள்வி. செபம் பண்றவரா, பண விசயத்துல சுத்தமா, ரகசியம் காப்பாரா, உடம்பு எப்படி. எல்லாத்துக்கும் நல்லதாத்தான் எழுதினேன். சத்தியமா. ஏழாவது கேள்வி, தன் பொறுப்பில் இருப்பவர்களை அவர் எப்படி நடத்துகிறார்? அதுக்குக் கீழ நாலு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தாங்க. நாலு வரியில ஒரு மனுசனைப் பத்தி என்னத்தை எழுதுறது? தனித்தாள் வச்சு எழுதினேன். மூணு பக்கம்.

நான் நல்லதுக்குத்தான் எழுதினேன். அவரு ரெக்டர் ஆயிட்டாருன்னா மடலைப் பார்க்க வேற ஆளு வந்துருவாரு. இவரு செயலராவே இருக்கட்டும், எங்ககூடவே இருக்கட்டும்னுதான் எழுதினேன். ரெக்டர் ஆகலேன்னா இருந்த இடத்துலயே இருப்பாருன்னு நினைச்சேன். அவங்க வழக்கம் அப்படியில்லேன்னு எனக்கு அப்பத் தெரியாது.

என்ன எழுதினேன்னு கேக்குறீங்க. பெரிசா ஒண்ணுமில்ல. மடலைப் பத்தி எழுதினேன், விளக்கைப் பத்திக் கொஞ்சம் எழுதினேன். ‘இவருக்குச் சட்டம் தெரியும், முகம் தெரியாது’ன்னு ஒரு வரி. ‘இவரால் மனம் நொந்து வேலையை விட்டவர்களும் உண்டு’ன்னு ஒரு வரி. யாருன்னு எழுதல. உண்டுன்னுதான் எழுதினேன். டைப்பிஸ்ட் ஒருத்தர் போனாரு, அவரு பேங்க் வேலை கிடைச்சுப் போனவரு. ஆனா போகும்போது முகம் ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

அந்த முதல் வரி இருக்கே, அது என்னோடது இல்ல. அங்கதான் வந்துச்சு வினை.

ஃபாதர் வியாகுலம்னு ஒருத்தர். வரலாறு சொல்லிக் கொடுத்தவரு. இவரும் அவரும் பதினெட்டு வயசுல ஒரே நாள்ல சபையில சேர்ந்தவங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு மைதானத்தைச் சுத்தி நடப்பாங்க பாருங்க, நாப்பது வருச நடை. இவரு நெட்டை, அவரு குட்டை. இவரு ஏதாச்சும் ரூல் பேசினா அவரு நின்னுக்கிட்டு, “உனக்குச் சட்டம் தெரியும்யா, முகம் தெரியாது”ன்னு சிரிப்பாரு. இவரும் சிரிப்பாரு. அவரு ஒருத்தருதான் இவரை அப்படிச் சொல்லலாம். நான் பின்னாடி மடல் புரூஃபைத் தூக்கிக்கிட்டுப் போகும்போது எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். நல்ல வரியா இருக்கேன்னு படிவத்துல எழுதிட்டேன். பத்திரிகைக்காரன் புத்தி, நல்ல வரி கிடைச்சா விடத் தோணாது.

மே மாசம் பட்டியல் வந்துச்சு. வருசா வருசம் சாமியார் வீட்டுச் சாப்பாட்டு அறையில ஒட்டுவாங்க, யாரு எங்க மாத்தல்னு. ரெக்டரா வேற ஒருத்தர், மதுரையிலயிருந்து. ஞானாதிக்கம் மலைக்கோயிலுக்குப் பங்குச் சாமியார். ரெக்டராப் பேச்சு அடிபட்ட ஆளை ஆக்கலேன்னா, அதே வீட்டுல வச்சிருந்தா அவருக்கும் சங்கடம், புது ஆளுக்கும் சங்கடம், அதனால தூரமா அனுப்பிடுவாங்களாம். இருபத்தாறு வருசம் நியூஸ் போடுறேன், இது எனக்குத் தெரியல.

பட்டியலை மடல்ல போட அவரே கொண்டு வந்து கொடுத்தாரு. தன் மாத்தலுக்கு ரெண்டு வரி போதும்னாரு. போட்டுட்டு நிமிர்ந்தா, இன்னும் உக்காந்திருக்காரு. என் ஆபீஸ்ல அவரு உக்காந்ததே கிடையாது. ப்ரொவின்ஷியல் கூப்பிட்டுப் பேசினாராம். பெரும்பாலும் நல்லதாத்தான் எழுதியிருந்தாங்களாம், ஆனா ஒருத்தர் மனசுல பட்டதை விளக்கமா எழுதியிருக்காரு, அவர் பேரைச் சொல்ல முடியாது, நீங்க திருத்திக்கணும்னு ஒரு வரியை வாசிச்சுக் காட்டினாராம். எந்த வரின்னு நான் கேக்கல. அவரா சொன்னாரு. சொல்லிட்டு, “நாப்பது வருசம் என்கூட நடந்த மனுசன், பெர்க்மான்ஸ். முகத்துக்கு நேரா சிரிச்சுக்கிட்டுச் சொன்னது வேடிக்கைன்னு நினைச்சேன். பேப்பர்ல எழுதி அனுப்புற அளவுக்கு நிசம்னு தெரியாமப் போச்சு”ன்னாரு.

நான் அப்ப வாயைத் தொறந்திருக்கணும். தொறந்திருந்தா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க. ரகசியத்தை உடைச்சவன்னு ஆகும். குவார்ட்டர்ஸ், செசிலி வேலை, எல்லாம் அந்தக் காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கு. அப்பத்தான் ஜெனோவாவுக்கு அங்கயே கெமிஸ்ட்ரியில கெஸ்ட் லெக்சரரா ஆர்டர் வந்திருந்துச்சு. அதுக்கு நல்லா எழுதிக் கொடுத்தவரு ஞானாதிக்கம்தான்னு அப்புறம் ஆபீஸ் கிளார்க் சொன்னாரு. ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாராம். அவ சின்ன வயசுல லேப் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்த கதையைக்கூட எழுதியிருந்தாராம். நான் எழுதினதைப் படிச்சுத்தானே அவருக்குத் தெரியும்? படிச்சிருக்காரு. படிச்சுட்டுத்தான் கோடு போட்டிருக்காரு.

அன்னியிலயிருந்து ரெண்டு பேரும் நடக்கல. வியாகுலம் சாமி அஞ்சரைக்கு வந்து மைதானத்து ஓரமா நிப்பாரு, இவரு ரூமை விட்டு வரமாட்டாரு. போகும்போது சொல்லிக்கவும் இல்ல. வியாகுலத்துக்கு ஒண்ணும் புரியல. அவருக்கும் படிவம் வந்திருக்கும், அவரும் எழுதியிருப்பாரு, நல்லா எழுதியிருப்பாரு. ஆனா நான் நல்லாத்தான் எழுதினேன்னு அவரும் சொல்ல முடியாதே. எல்லாரு வாயையும் அந்த ஒரு கவருக்குள்ள வச்சு ஒட்டிட்டாங்கண்ணே.

ஆவணி மாசம் வியாகுலத்துக்கு வலது பக்கம் விழுந்துருச்சு. எங்க வளாகத்துலயே நோயாளிச் சாமியார்களுக்கு ஒரு வீடு இருக்கு, அங்க ரெண்டாம் ரூம்ல படுத்திருக்காரு. பேச்சு குழறும், ஆனா புத்தி தெளிவு. பேப்பரைப் பிடிக்கக் கை வராது, அதனால மடல் வந்ததும் நான் போய் வாசிச்சுக் காட்டணும். நான்தான் வாசிக்கணும்னு சொல்லிட்டாரு. நாலாம் பக்கம் முடிஞ்சதும் கேப்பாரு, ஞானாதிக்கத்தைப் பத்தி ஏதும் இருக்கான்னு. இல்ல ஃபாதர்ம்பேன். லெட்டர் ஏதும் வந்துச்சான்னு கேப்பாரு. இல்ல ஃபாதர்ம்பேன். ஒரு நாள் கேட்டாரு, “நான் அவனுக்கு என்ன செஞ்சேன், உனக்குத் தெரியுமா?” வளாகத்துல நடக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும்கிற நம்பிக்கை. தெரியாது ஃபாதர்னு சொன்னேன். எனக்கு மூச்சு முட்டுதுண்ணே அங்க. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு சாமியார் எதிர்ல வந்து, என்ன பெர்க்மான்ஸ், என்ன நியூஸ்ங்கிறாரு.

நாங்க பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு செய்வோம். செஞ்ச தப்பைச் சாமியார்கிட்ட ரகசியமாச் சொல்லி மன்னிப்பு வாங்குறது. கோயில்ல மரத்துல பொட்டி மாதிரி இருக்கும், சாமியார் உள்ள உக்காந்திருப்பாரு, நாம வெளிய மண்டி போட்டு வலைக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லணும். சொல்லித் தொலைச்சுடலாம்னா யார்கிட்டச் சொல்றது? முப்பத்தெட்டு பேரும் என் குரலை வச்சே ஆளைச் சொல்லிடுவாங்க. டவுன் கோயிலும் அவங்க சபைதான். பாவத்தைச் சொல்லாம பூசையில நன்மை வாங்கக் கூடாது, சாமியார் கொடுக்கிற அந்த அப்பம்; ஆறு மாசம் நான் வாங்கல. செசிலி பார்த்துக்கிட்டேதான் இருந்தா.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நல்ல யோசனைண்ணே, வேற எவனுக்கும் வந்திருக்காது. பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளிய சொல்லக் கூடாது. சொல்லக் கூடாதுன்னா, சொன்னவன்கிட்டயே வெளிய அதைப் பத்திப் பேசக் கூடாது. முகத்துல காட்டக் கூடாது. அதை வச்சு ஒரு காரியம் செய்யக் கூடாது. அப்ப நான் எங்க போகணும்? ஞானாதிக்கத்துக்கிட்டயே போகணும். அவர்கிட்டச் சொன்னதாவும் ஆச்சு, சொல்லாததாவும் ஆச்சு. வியாகுலம் எழுதலேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். என்னை அவரு ஒரு வார்த்தை கேக்க முடியாது. மத்த சாமியாருன்னா கொஞ்சம் அப்படி இப்படி இருப்பாங்க. இவரு சட்டம். இவருகிட்டச் சொன்னா பூட்டு போட்ட மாதிரி.

நேத்து மத்தியானம் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு வந்த சந்தோசம் இருக்கே. அவரே காப்பி போட்டாரு. பழைய மடலையெல்லாம் தேதி வாரியா அடுக்கி வச்சிருக்காரு, எல்லாத்துலயும் பச்சை மையில திருத்தம். அச்சானதைத் திருத்தி என்ன செய்யிறதுன்னு கேட்டேன், பழக்கம் போகலேன்னு சிரிச்சாரு. வியாகுலம் சாமிக்கு ரொம்ப முடியலேன்னு சொன்னேன். பத்துப் பதினஞ்சு நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு, உங்களையே கேக்குறாருன்னு சொன்னேன். காப்பி டம்ளரைக் கீழ வச்சாரு. “எழுதினதை அவர் எழுதிட்டார். எனக்கு வர மனசில்ல, பெர்க்மான்ஸ். கேட்டா அப்படியே சொல்லிடு”ன்னாரு.

இன்னிக்குக் காலையில பூசைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காந்தாரு. தோட்ட வேலைக்குப் போற பொம்பளைங்க ஏழெட்டு பேரு, கடைசியா நான். மண்டி போட்டு, குரலைத் தணிச்சு, எல்லாத்தையும் சொன்னேன். படிவம், ஏழாம் கேள்வி, அந்த வரி, யார் சொன்ன வரி, விளக்கு, பச்சைக் கோடு, எல்லாம். மக பேரை மட்டும் சொல்லல. சொல்லாட்டி என்ன, தெரியாதா அவருக்கு.

சொல்லி முடிச்சேன். எழுந்திரிச்சுப் போயிட்டாரான்னு வலை வழியாப் பார்த்தேன். இருந்தாரு. நெத்தியில கை வச்சுக்கிட்டு இருந்தாரு.

அப்புறம், “வேலையை விட்டவர் யாரு?”ன்னாரு.

“யாருமில்ல ஃபாதர்”னு சொன்னேன்.

அவ்வளவுதான் கேட்டாரு. பரிகாரமா மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. மூணுதான். சின்னப் பிள்ளைங்க மிட்டாய் திருடினா கொடுக்கிறது. மன்னிப்பு மந்திரத்தைச் சொல்லி முடிச்சு, கடைசியா சொன்னாரு. “இங்க சொன்னது இங்கயேதான் கிடக்கும். நான் இதைக் கையில எடுத்துக்கிட்டு வெளிய போக முடியாது, இதை வச்சு யாரையும் பார்க்கப் போக முடியாது. யாருக்கு இது தெரியணுமோ அவங்ககிட்ட வெளிய வச்சு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. அப்பத்தான் கதவு தொறக்கும்.” வாங்க போங்கன்னுதான் பேசினாரு. யாரோ புது ஆள்கிட்டப் பேசுற மாதிரி.

நியாயமாப் பார்த்தா எனக்கு இறங்கியிருக்கணும் பாரம். வெளிய வந்தேன், பூசை கண்டேன், நன்மை வாங்கினேன். ஆறு மாசத்துக்கு அப்புறம் வாங்குறேன், கொடுத்தவரும் அவருதான். நிமிர்ந்து பார்த்தேன். ஒண்ணுமில்ல. பூசை முடிஞ்சு சாப்பாட்டுக்கு உக்காந்தோம். கோழிக் குழம்பு. எனக்குக் கால் துண்டை எடுத்து வச்சாரு. செசிலி எப்படி இருக்கா, ஜெனோவா நல்லா கிளாஸ் எடுக்கிறாளா, மடலுக்குப் புது ஆளு ஒழுங்காத் திருத்துறாரான்னு நேத்து கேட்ட மாதிரியே கேட்டாரு. நேத்து சிரிச்ச மாதிரியே சிரிச்சாரு. அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கோபம் இருக்கா, வருத்தம் இருக்கா, மன்னிச்சாரா, மன்னிக்கலையா. ஒண்ணும் இல்ல. இருக்கக் கூடாது அங்க, அதானே சட்டம். நாளைக்கு நான் போனாலும் அப்படித்தான் இருக்கும், பத்து வருசம் கழிச்சுப் போனாலும் அப்படித்தான் இருக்கும். அடிச்சிருந்தாகூட தேவலைண்ணே. எனக்கு நானே கொண்டு போய்ப் போட்ட பூட்டு.

பஸ் ஸ்டாப்புக்கு அவரும் வந்தாரு. வேணாம் ஃபாதர்னேன், கேக்கல. ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிற நேரம், அதையும் விட்டுட்டு வந்தாரு. குடையை ஊனிக்கிட்டுப் பக்கத்துல நின்னாரு. நான்தான் கேட்டேன், “ஃபாதர், வியாகுலம் சாமிக்கு ஏதாச்சும் சொல்லணுமா?”

என்னை நேராப் பார்த்தாரு. “நேத்து என்ன சொன்னேனோ அதுதான்”னு சொன்னாரு. சொல்லும்போது அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. எழுதினது வியாகுலம் இல்லேன்னு அந்த மனுசனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு, தெரியாதவரு மாதிரி, நேத்துச் சொன்னதையே இன்னிக்கும் சொல்றாரு. நான் ஒரு வார்த்தை வெளிய சொல்லிட்டா அடுத்த பஸ்ல அவரும் ஏறிடுவாரு, அதுவும் எனக்குத் தெரியுது. அப்புறம் அவரே கேட்டாரு.

“வேற ஏதாச்சும் சொல்லணுமா, பெர்க்மான்ஸ்?”

“இல்ல ஃபாதர்”னு சொன்னேன்.

சரின்னாரு. போயிடல. பஸ் வர்ற வரைக்கும் அங்கயேதான் நின்னாரு, என் பக்கத்துலயே, ரோட்டைப் பார்த்துக்கிட்டு.

அந்தா மேல போகுது பாருங்க ஒரு பஸ். அது கோயில் ஸ்டாப் வழியாத்தான் போகும். அடுத்த ஸ்டாப்புல இறங்கி எதிர்ப்பக்கம் நின்னா சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு இருக்கு. இருக்குன்னுதான் நினைக்கிறேன். ஆனா நாளைக்கு மடல் அச்சுக்குப் போகணும். நாலாம் பக்கம் கடைசியில ரெண்டு வரிக்கு இடம் விட்டு வச்சிருக்கேன். எதுக்குன்னு கேக்காதீங்க, எங்க தொழில்ல அப்படித்தான், டாக்டர் சொல்லிட்டா இடம் விட்டு வைக்கணும்.

நீங்க நாளைக்கு அட்மிஷன் முடிச்சதும் பக்கத்துலதான் அந்த வீடு. ரெண்டாம் ரூம். சும்மா ஒரு எட்டு உள்ள போயி, மலையிலயிருந்து வர்றேன், ஞானாதிக்கம் சாமி உங்களை விசாரிச்சாருன்னு... வேணாம். விடுங்க. நீங்க என்னத்துக்கு.

என்னண்ணே?

ஏன் அங்க நின்னப்பவே சொல்லலேன்னா கேக்குறீங்க?

சொல்லத்தான் வாயெடுத்தேன். பஸ் வந்துருச்சுண்ணே.